இறங்காத எச்சரிக்கை

"டாக்டர்... மூச்சு நின்னுடுச்சு!"

நர்ஸின் அலறல் ஆபரேஷன் தியேட்டரின் இரட்டைக் கதவைத் தாண்டி வராந்தாவில் தெறித்தது.

குடலிறக்கத்துக்கான சாதாரண ஆபரேஷன். நாற்பத்திரண்டு வயது, திடகாத்திரமான ஆள். மயக்கத்தில் இருந்தவனுக்கு ஒரே ஒரு ஊசி போட்டார்கள்.

ஐந்தே நிமிடம். ஆள் காலி!

பென்சிலின்... அவன் உடம்புக்கு ஆகவே ஆகாத மருந்து.

மதியம் இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரியின் ஆவண அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஏட்டு.

கம்ப்யூட்டர் முன்னால் அவள். ஆவணப் பிரிவின் பொறுப்பாளர்... செத்தவனின் மனைவி. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஏம்மா... பென்சிலின் ஆகாதுன்னு கம்ப்யூட்டர்ல சிவப்பு எழுத்துல இருக்கு. நர்ஸ் கையில இருந்த ஆபரேஷன் ஷீட்ல இல்ல. எப்படி?"

"கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் டேக் உண்டு சார், பேர் ஒட்டின அடையாளம். மேல அவர் பேர்ல ஒரு டேக். அதுக்குக் கீழ ரத்தம், ஸ்கேன், ஆபரேஷன்னு குட்டி டேக்குங்க. எச்சரிக்கையை மேல ஒரு தடவை போட்டா போதும். கீழ எல்லாத்துக்கும் தானா இறங்கிடும்."

"எங்க டிபார்ட்மென்ட்ல திட்டு இறங்கற மாதிரி!" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"ஆபரேஷன் டேக்கை மட்டும் யாராவது வெளியே இழுத்துப் போட்டா?"

"...எச்சரிக்கை அறுந்துடும்."

"இழுத்திருக்காங்க! காலைல 9.52க்கு. தியேட்டர்ல ஷீட்டை அச்செடுத்தது 9.58. டேக் பழைய இடத்துக்கு வந்தது 10.03. எதுவுமே நடக்காத மாதிரி! இந்த ரூம்ல நீங்களும் உங்க தங்கச்சியும்தான். ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. சொல்லுங்க... யாரு?"

"நான்தான் சார்."

யோசிக்காமல் வந்தது பதில்.

"பொய்! 9.52க்கு நீங்க தியேட்டர் வாசல்ல புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. கேமராவுல பாத்துட்டேன்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல்!

தங்கை வெளியே வந்தாள். இருபத்தாறு வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்காவை விட்டுடுங்க சார். இழுத்தது நான்தான்."

"வாயை மூடுடி!"

"நீ மூடுனது போதும்க்கா!" அவள் மவுஸைப் பறித்தாள். "இங்க பாருங்க சார். அக்கா பேருக்குக் கீழ நான் வெச்சிருக்கிற டேக்."

திரையில் அந்த டேக்கின் பெயர்... மாடிப்படி.

க்ளிக்.

ஒன்பது எக்ஸ்ரே! விலா எலும்பு... தாடை... வலது மணிக்கட்டு, மூன்று தடவை...

"ஒவ்வொரு தடவையும் மாடிப்படில விழுந்துட்டேன்னு சொல்லித்தான் கட்டுப் போட்டுக்குவா."

"அதுக்கு?"

"எங்க அக்கா வீட்டுல மாடியே கிடையாது சார்..."

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குத் தன் சொந்தத் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கை வைத்த உடை. ஏன் என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

தங்கை பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. இழுத்தே. ஷீட் அச்சாகறவரைக்கும் காத்திருந்து, திரும்ப வெச்சுட்டே..."

"திரும்ப வெச்சேனா?" அவள் விழித்தாள். "இல்லையே சார்! இழுத்ததும் பயந்துட்டேன். பாத்ரூமுக்கு ஓடிட்டேன். வாந்தி..."



இன்ஸ்பெக்டர் மெல்ல அக்கா பக்கம் திரும்பினார்.

"10.03க்கு இந்த நாற்காலியில யாரு?"

அக்கா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்."

"அக்கா...!"

"வந்து உட்கார்ந்தேன். டேக் வெளியே கிடந்துச்சு. ஷீட் போயிருக்குன்னு தெரிஞ்சுது. இவ வேலைதான்னும் தெரிஞ்சுது. மாட்டிக்கக் கூடாதேன்னு திரும்ப வெச்சேன்."

"ஊசி போட்டது 10.10க்கு! ஏழு நிமிஷம் இருந்துச்சேம்மா! தியேட்டருக்கு ஒரு ஃபோன்... இதோ, கைக்கெட்டற தூரத்துல இருக்கு!"

"எடுத்தேன் சார்."

"எடுத்தீங்களா?"

"காதுகிட்ட கொண்டு போனேன். மணிக்கட்டு வலிச்சுது..." அவள் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள். காலையிலிருந்து வராத கண்ணீர் இப்போது வந்தது. "வெச்சுட்டேன்."

தங்கை பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "இல்ல சார்! எல்லாம் நான்தான்! என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க!"

"அவ சின்னப் பொண்ணு சார். என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

ஒருத்தியை ஒருத்தி பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு பேரும் கைகளை நீட்டினார்கள்.

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார்... ஜீப்புல யாரை முதல்ல ஏத்தறது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீ நடுவுல உட்காருய்யா! தப்பிச்சு ஓடறவங்களைப் பிடிக்கத்தான் நமக்கு ட்ரெயினிங்... முந்திக்கிட்டு வந்து நிக்கறவங்களுக்கு இல்ல!"