சூட்டுத்தகடு

மார்கழிக் குளிரில் தெருவே மாவு புளிக்காமல் திண்டாடிக்கொண்டிருக்க, மரகதம் வீட்டில் மட்டும் காலையில் அரைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்தது. கொடுப்பினை என்றால் இதல்லவா கொடுப்பினை! சமையலறைச் சுவரில் பதித்த சூட்டுத்தகட்டுக்கு அடியில் குண்டானை வைத்துவிட்டால் போதும். "எங்க வீட்டுத் தகடு லட்சுமிகரமானது" என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்ளவும் அவள் தவறவில்லை.

அந்தக் காலத்தில் எல்லார் பிடரியிலும் புளியங்கொட்டை அளவில் ஒரு மனச்செலுத்தி இருந்தது. பேட்டரி கிடையாது, உடம்பின் மின்சாரத்திலேயே ஓடும். மனம் படும் பாட்டை மில்லிஆம்பியர் கணக்கில் வீட்டு மீட்டருக்கு அனுப்பும். முள் நான்கில் நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறார், மனதில் ஒன்றுமில்லை. இருபது என்றால் தாங்கமாட்டார். நான்குக்குக் கீழே இறங்கினால் என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இருபதுவரை போகவிடுவானேன் என்று வீட்டுக்கு வீடு வரம்பி என்றொரு கருவி வைத்துக்கொண்டார்கள். வரம்பைத் தொட்டுவிட்டால் அந்தத் துக்கம் துளிகூட மனதை எட்டாது. சூடாக மாறி, கம்பி வழியே சுவர்த் தகட்டுக்குப் போய்விடும்.

ஐப்பசியில் மரகதத்தின் மகன் பரிதி ஏரியில் மூழ்கிப்போனான். அக்காள் நிறைமதி சோறு தண்ணீர் இல்லாமல் கதறினாள். பார்க்கச் சகிக்காமல் மரகதம் வீட்டு வரம்பியைப் பன்னிரண்டில் வைத்தாள், தனக்கும் சேர்த்துத்தான். அன்றோடு வீடு அமைதியானது.

அந்த வீட்டுச் சூட்டில் தெருக்கம்பி உருகுகிறது என்று அலுவலகத்திலிருந்து பழுது பார்க்க வந்த ஜெபமணி தகட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"ஆத்தாடி! இதுக்கு அடியிலயாக்கா மாவு வெக்கிறீங்க? பாப்பா மீட்டர் எவ்வளவு?"

"பன்னெண்டும்மா. ஆடாம அசையாம நிக்குது. அவ்வளவு சமத்து."

"சமத்து இல்லக்கா, பன்னெண்டோட வெட்டி விட்டிருக்கு. அதுக்கு மேல எவ்வளவு போகுதுன்னு மீட்டருக்கே தெரியாது. இந்தத் தகட்டைத்தான் கேக்கணும்." ஜெபமணி குரலைத் தாழ்த்தினாள். "வரம்பி துக்கத்தை நிறுத்தாதுக்கா. அது பாட்டுக்கு ஊறிக்கிட்டேதான் இருக்கும். இங்க எரியிறது பூரா உங்க பொண்ணு உடம்பு. இப்படியே விட்டா பொங்கலுக்குள்ள முள்ளு நாலுக்குக் கீழ போயிரும்."

மரகதம் திரும்பிப் பார்த்தாள். மேசையில் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த நிறைமதி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணணும்?"

"வரம்பியைத் திறந்து விடுங்க. கொஞ்ச நாள் கதறுவா, ஆனா பொழச்சுக்குவா. வேணாம்னா இன்னொரு தகடு மாட்டலாம், எல்லாரும் அதான் கேக்குறாங்க. அது கம்பியைத்தான் காப்பாத்தும், பொண்ணை இல்ல. வரம்பி உங்க கைரேகைக்குத்தான் திறக்கும், நீங்கதான் சொல்லணும்."

ஐயோ, பெற்ற பெண்ணை எரித்தா மாவு புளிக்க வைத்தேன்! மரகதத்துக்கு ஓலம் பீறிட்டு வந்தது. சுவர் மீட்டரில் அவளுடைய முள் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஏறி, அங்கேயே நின்றது.

தகடு 'டிங்' என்று ஒருமுறை சத்தமிட்டது.

எதற்குப் பதறினோம் என்று மரகதம் யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. குண்டானில் மாவு அழகாகப் பொங்கியிருந்தது.

"இன்னொரு தகடே மாட்டிடும்மா," என்றாள். "வடாம் காயவைக்கத் தோதா இருக்கும்."

ஜெபமணி அவளையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேலைக்கு வருகிறவர்களுக்கு அலுவலகம் வைத்திருந்த வரம்பு எட்டு; சொல்ல வந்தது அவளுக்கும் அதோடு நழுவிப்போனது. பையிலிருந்து துளைக்கருவியை எடுத்தாள்.

"எந்த எடத்துலக்கா?"

"இங்க மாட்டுங்கக்கா, அம்மாவுக்கு எட்டும்," என்று நிறைமதியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து சுவரைக் காட்டினாள்.