ஆகாத சொல்

அந்தச் சொல்லை எதற்காகச் சொன்னோம் என்பது அவளுக்கு இப்போது சரியாக நினைவில்லை. விடைபெறுவதற்கா, மகள் கூப்பிட்டதற்குப் பதிலாகவா? சொன்னது மட்டும் நிச்சயம்.

முதலில் மாடிப்படியில்தான் அந்த இன்னொரு அடியோசை காதில் பட்டது. மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தில், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மஞ்சள் வீடு ஒன்றை விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள்; அவளும் கணவரும் ஆறு வயது மகளும். வலது செருப்பின் வார் தளர்ந்திருந்ததால் படிக்குப் படி 'சப்' என்று அடி விழுந்தது. மேலே வந்து நின்றாள். கீழே, ஒரு படி பின்னால், இன்னொரு 'சப்' விழுந்து நின்றது.

"கனமான சுவர். எதிரொலிக்குது," என்றார் கணவர்.

நகரத்துக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. தெருவில் நடந்தால், உயரமான ஜன்னல்களின் மரக்கதவுகள் அவர்கள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக, முகத்தில் அடித்தாற்போலச் சாத்திக்கொண்டன. ஈரச் சுண்ணாம்பும் பூட்டிவைத்த துணியும் கலந்த வாடை எல்லா வாசலிலிருந்தும் வந்தது. எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் கடைக்காரர் மதில் வாயிலையே கை காட்டினார்.

கிளம்புகிற நாள் பிற்பகல், சாவி வாங்க வந்த வீட்டுக்காரி வாசலை மறித்து நின்றாள்.

"போறப்ப 'போறோம்'னு சொல்லிட்டுப் போங்க. 'வரேன்', 'வரோம்' எதுவும் இந்த வீட்டுக்குள்ள ஆகாது. சொன்னவங்களை வீடு வெச்சுக்கும்."

"போறேன்னு சொன்னா எங்கம்மா துடைப்பத்தைத் தூக்குவாங்க."

"உங்கம்மா இங்க இல்ல."

கணவர் சிரித்தார். "இவ வாய்க்குத்தான் பூட்டுப் போடணும். கேஸ்காரர்கிட்டகூட வரேன்னு சொல்லித்தான் போனை வைப்பா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினாள். கடைசியில் மகளின் பொம்மையைக் காணோம். எடுக்கச் செருப்போடே மாடிக்குப் போனாள்.

கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுக்கும்போது தெருவிலிருந்து மகளின் குரல்.

"அம்மா, வா! அப்பா வண்டியை எடுத்துட்டாரு!"

"இதோ வரேன்டி, தங்கம்."

தெருச் சத்தம் நின்றது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.

படியில் 'சப்' என்றது.

இன்னொன்று. இறங்கிப் போகிற அடி.

அவள் தன் கால்களைப் பார்த்தாள். செருப்பு இல்லை.

'சப்'. 'சப்'. கீழே வாசல் வரைக்கும். பிறகு ஒரு குரல். அவளுடைய குரல்.

"அப்போ போறோம்மா."

"நல்லது," என்றாள் வீட்டுக்காரி.

கதவுக்கு ஓடினாள். கதவு இருந்த இடத்தில் சுவர். ஈரம். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. கத்தினாள். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

ஜன்னல். பலகை இடுக்கு. கீழே கார். முன்னிருக்கையில் அவளுடைய நீலப் புடவை. அவளுடைய பின்னல்.

"பொம்மை எங்கம்மா?"

"அங்க இல்லடி."

மகள் மாடியைப் பார்த்தாள். இடுக்கையே பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

நீலப் புடவைக்காரி அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். முகத்தைத் திருப்பினாள்.

கார் மதில் வாயிலைத் தாண்டியது.

கணவரும் மகளும் திரும்பி வரவில்லை. போறோம் என்று சொல்லிவிட்டுத்தானே போனார்கள். வீட்டுக்காரி இன்னமும் வீட்டை வாடகைக்கு விடுகிறாள், எல்லோரிடமும் அதையே சொல்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். பொம்மை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

புதிதாக வருகிற பெண்கள் மாடியேறும்போது, ஒரு படி பின்னால், அவளும் பாதம் வைத்து ஏறுகிறாள்.