புளிச்சோறு தின்ற பூனை

டாக்டரின் மேசையில் பவுனு எடுத்த வாந்தியில் இருந்தது புளிச்சோறு. கடுகும் கடலைப்பருப்பும் முழுசாகத் தெரிந்தன. மீனை மோந்து பார்த்துக் குறை சொல்லும் பூனை புளிச்சோறு தின்னுமா? தின்றே தொலைக்கட்டும், அதைக் கிளறியது யார்? கனகலட்சுமி புளி கரைத்து ஒரு மாதமாகிறது.

"ராத்திரியில இருந்து வெறும் வயிறா வச்சிருக்கணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்மா. மயக்கத்துல வாந்தி நெஞ்சுக்குள்ள போச்சுன்னா உசுரு போயிரும்" என்றார் டாக்டர் ஃபஸீலா. "கருத்தடை ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி. மறுநாள் நான் மக்காவுக்கு உம்ரா போறேன். வர ஒரு மாசமாகும்."

ஒரு மாதம் பொறுக்க முடியாது. போன ஈற்றில் குட்டி குறுக்கே சிக்கி, மூன்று நாள் முனகிக் கிடந்த பவுனுவை இதே டாக்டர்தான் பிழைக்க வைத்தார். இன்னொரு முறை சினையானால் தாய் தங்காது என்று அன்றே சொல்லிவிட்டார். கடுவன்களோ இப்போதே சுவரேறி நின்று கத்துகின்றன. கீழக்கரையிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் கனகலட்சுமிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புருஷன் வேல்ராஜிடம் கேட்டாள். "ஒந் தலையில அடிச்சு சத்தியம் பண்ணவா? நான் எங்கன போயிப் புளிச்சோத்துக்கு நிக்க?" என்று அவன் குதித்தான். அடுத்த வீட்டுச் செவ்வந்தியிடம் கேட்டாள். அவள், கனகலட்சுமியின் கொல்லையில் கிடந்த துவைகல்லைக் கண்ணால் காட்டினாள்.

"எங்கிட்ட ஏத்தா கேக்குற? ஒம் புருசன் கொண்டாந்து போட்டிருக்கானே, அதுகிட்டக் கேளு."

திருப்புல்லாணி ரோட்டை அகலப்படுத்தியபோது சுமைதாங்கியை இடித்துப் போட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக, அவள் சுமை இறங்கட்டும் என்று என்றோ நட்ட கல் அது. மேல்பலகை வழவழவென்று இருக்கிறதே, துணி துவைக்க ஆகும் என்று வேல்ராஜ் டிராக்டரில் ஏற்றி வந்துவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"வளைகாப்பு அன்னைக்கு எலைக்கு முன்னாடி உக்காந்தவ, ஒரு வாய்கூட வைக்காமச் செத்தாளாம்" என்றாள் செவ்வந்தி.

"கல்லு வந்து சோறு ஊட்டுச்சாக்கும்? போக்கா அங்கிட்டு!" கனகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை யாரையும் நம்புவதாக இல்லை. முந்தின இரவே பவுனுவை உள்ளறைக்குள் போட்டுத் தானும் கூடவே படுத்தாள். விடிந்ததும் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்தாள். வேல்ராஜ் மிளகாய் மூட்டையோடு ராமநாதபுரம் போனான். அவள் ஜன்னலைச் சாத்தி, கதவில் தாழ் போட்டு, பூனையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு மணிக்கு அருள்முருகன் ஆட்டோ கொண்டு வருவான். அதுவரை நகரப்போவதில்லை.

வெயில் ஏற ஏற அறை அடுப்படியாகக் கொதித்தது; ஓட்டு இடுக்கில் இறங்கிய வெளிச்சக் கோடு சுவரில் மெல்ல நகர்ந்தது; கொல்லைப் பக்கம் காற்றில் பனையோலை உரசும் ஓசையும், எங்கோ ஒரு கோழி விட்டு விட்டுக் கேறுவதும் தவிர வேறு சத்தமில்லை; பட்டினியில் பவுனு கத்திக் கத்தி ஓய்ந்து அவள் முழங்கையில் தலையைச் சாய்த்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்டி, என்று அதன் காதடியைச் சொறிந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. நல்லெண்ணெய், பெருங்காயம், கொதித்துச் சுண்டும் புளி.

"யக்கா! இன்னைக்குன்னு பாத்தா புளி காய்ச்சணும்?" சுவரைப் பார்த்துக் கத்தினாள். செவ்வந்தி காலையிலேயே நூறுநாள் வேலைக்குப் போனது நினைவுக்கு வந்தது.

வாசம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

பவுனு தலையை நிமிர்த்தியது. உறுமவில்லை, சிலிர்க்கவில்லை. பழகினவர்களைப் பார்த்ததுபோல வாலைத் தூக்கி, வாயைத் திறந்து கொஞ்சலாக ஒரு சத்தம் கொடுத்தது.

கண்ணாடி வளையல்கள் குலுங்கின. நிறைய வளையல்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

கை ஒன்று வெளியே வந்தது. சந்தனம் காய்ந்து வெடித்த கை. விரல்களில் ஒரு கவளம். இன்னும் ஆவி பறந்தது.

கனகலட்சுமி பூனையின் வாயைப் பொத்தினாள். பவுனு திமிறியது. நகம் தொடையில் இறங்கியது. விடவில்லை. விட்டால் இன்றும் போச்சு. விட்டால் இது செத்துப்போகும்.

கவளம் அவள் புறங்கையைத் தொட்டது. சூடு. விரலுக்கு விரல் தட்டிப் பார்த்தது. இடுக்குத் தேடியது. கோபமில்லை. அவசரமில்லை.

பிறகு நின்றது.

பிறகு மேலே வந்தது. கழுத்துக்கு நேரே. அதற்கும் மேலே.

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

"அக்கா! மணி ஒண்ணாச்சு. உள்ளதான இருக்கீக?" அருள்முருகன் கதவைத் தட்டினான்.

இருக்கேன்டா, கதவை ஒடைச்சுட்டு வாடா, என்று கத்த வேண்டும். கத்த வாயைத் திறக்க வேண்டும். கவளம் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் கடைவாயில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள்.

"அக்கோவ்?"

மூச்சில் புளி. கண்ணில் நீர். இரண்டு கையும் பூனைமேல்.

"இந்தக்கா போன வாரமும் இப்பிடித்தான் வீணா அலைய விட்டுச்சு" என்று முணுமுணுத்தபடி அவன் திரும்பினான். ஆட்டோ உறுமியது. சத்தம் தேய்ந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு கை, வளையல் குலுங்க வந்து, வெட்கப்படும் பிள்ளைத்தாச்சிக்கு ஊட்டுவதுபோல அவள் தாடையைச் செல்லமாகப் பிடித்தது.