முப்பத்தெட்டு யூனிட்

"நாலுதான் சார் அமுக்கினேன். முப்பத்தெட்டு யூனிட் ஏறியிருக்கு. நான்தான் கொன்னுட்டேன்னு அத்தை சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமா இருக்கு."

துப்பறிவாளரிடம் வந்த பெண் வலது கையை இடது கையால் மூடியபடியே பேசினாள். சர்க்கரை நோயால் இறந்த கணவரின் இடுப்பில் எப்போதும் இன்சுலின் ஏற்றும் பம்ப் இருக்கும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்வது போன் செயலி. அவர் இறந்த அன்று காலைதான் செயலியின் புதிய பதிப்பு வந்திருந்தது.

"திரையில வேற என்னம்மா தெரிஞ்சுது?" என்றார் துப்பறிவாளர்.

"பம்ப்ல பேட்டரி சார்ஜ் முப்பத்தெட்டு சதவீதம்னு காட்டுச்சு. சாப்பிட்டதும் சார்ஜ் போடலாம்னு இருந்தேன்."

"மச்சான், மாமியாரைப் பிடிப்போம்!" என்று துள்ளினார் துப்பறிவாளரின் கூடவே இருந்த அவருடைய மைத்துனர். எதிலும் முந்திரிக்கொட்டை.

மறுநாள் செயலி நிறுவனத்துக்குப் போனார்கள். 'போனில் சோதிக்கப்பட்டது' என்று புதிய பதிப்பின் சோதனை அறிக்கையில் எழுதியிருந்தது. சோதனைப் போனை மைத்துனர் கையில் எடுத்துப் பார்த்தார். கடையிலிருந்து வரும்போது கண்ணாடி மேல் ஒட்டிவந்த தாள்கூடக் கிழியவில்லை. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிவிட்டு வைத்தார்.

துப்பறிவாளர் செயலியின் புதிய நிரலைப் பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் படித்தார். பிறகு மாமியாரையும் மருமகளையும் அங்கேயே வரவழைத்தார்.

"எந்த வேலையைக் கூப்பிடணும்னு இந்தச் செயலி ஓடும்போதுதான் முடிவு பண்ணுது," என்றார் அதை எழுதிய நிரலாளரிடம். "அதனால, கூப்பிடுற வேலையோட முகவரியை, அதாவது ஃபங்ஷன் பாயிண்டரை, 'இது ஒரு எண் வாங்கும்'னு முன்கூட்டியே வகை குறிச்சு காஸ்ட் பண்ணணும். அதை ஏன் எடுத்தீங்க?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு. எடுத்தப்புறமும் ஓடுச்சு சார்."

"உங்க கம்ப்யூட்டர்ல ஓடும். அங்க எண்ணை வைக்கிற இடமும் எடுக்கிற இடமும் ஒண்ணு. போன்ல வேற வேற. அதாவது, கூப்பிட்டவன் நாலுங்கிற எண்ணை மேசை மேல வெச்சான். வாங்குறவன் பைக்குள்ள கையை விட்டான். பையில முன்னாடியே கிடந்தது சார்ஜ் எண், முப்பத்தெட்டு. ஒரு தடவை போன்ல ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க போன் மேல இருந்த தாளையே உரிக்கல."

மைத்துனருக்கு முகம் சுண்டிப்போனது.

"அப்போ நான்..." என்றாள் மருமகள்.

"நாலுதாம்மா அமுக்கியிருக்க."

அவள் வலது கையை மூடியிருந்த இடது கையை எடுத்தாள். மாமியார் எழுந்து வந்து, நாலை அமுக்கிய அந்த விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதறினாள்.