பந்துக்கு வேர்க்காது

கையை நீட்டச் சொல்லி ஒவ்வொருவரின் காப்பையும் பார்ப்பதில்தான் எங்கள் பயிற்சி தொடங்கும். பந்தெல்லாம் அப்புறம். வியாசர்பாடி மைதானத்தில் விடியும்போதே தரை சுடும். பிள்ளைகள் வரிசையாக நின்று இடது மணிக்கட்டை நீட்டுவார்கள், நான் தொட்டுப் பார்ப்பேன். பச்சை என்றால் உள்ளே போ. மஞ்சள் என்றால் நிழலில் உட்கார். சிவப்போடு ஒருத்தரும் என் எதிரில் வந்து நிற்க மாட்டார்கள், என் வாய் அப்படி.

வெப்பக்காப்பு என்று பெயர் வைத்தது அரசாங்கம். பிள்ளைகளுக்கு வெறும் காப்பு. தோலை ஒட்டி உட்கார்ந்து உடம்புச் சூட்டை அளந்துகொண்டே இருக்கும். போட்டியில் மஞ்சள் வரை ஆடலாம், சிவந்துவிட்டால் மைதானத்து ஒலிபெருக்கி பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆட்டம் முடியும்வரை குளிரறையில் உட்கார வேண்டும், மாற்று ஆள் கிடையாது. பயிற்சியாளருக்கும் அதே சட்டம்தான். ஒரே வருடத்தில் மூன்று முறை சிவந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை மைதானமே கிடையாது.

எங்கள் ஜெனோவாவுக்கு இரண்டு முறை சிவந்துவிட்டது.

பதின்மூன்று வயதுப் பெண். சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு கோடையில் வெயில் தாக்கி விழுந்தவள். அதனால் டாக்டர்கள் அவள் காப்பின் வரம்பைக் குறைத்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஓடுவதில் பாதிதான் அவளால் ஓட முடியும். வேறு எந்த அணியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எண்ணூர் அணியோடு ஆட்டம் என்று தெரிந்ததும் அவள் அப்பா ஆரோக்கியம் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"மேடம், இன்னொரு தபா செவந்துச்சுன்னா அவ்ளோதான். அவ சோறு துன்ன மாட்டா, பேச மாட்டா. இந்த மேட்ச் மட்டும் உக்கார வச்சிடுங்களேன்."

"இன்னிக்கு உக்கார வச்சா அடுத்த மேட்ச்சும் உக்காரணும், அண்ணே. அவ ஓட வேணாம். பந்து ஓடட்டும். பந்துக்கு வேர்க்காது."

"சொல்றது ஈஸி மேடம்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

மற்ற அணிகளெல்லாம் இன்னமும் அந்தக் காலத்து ஆட்டம்தான் ஆடின. தூரமாக ஓர் உதை, அதன் பின்னால் ஓர் ஓட்டம். நான் அதை விட்டு ஒழித்தேன். எங்கள் மைதானத்தில் யாரும் பந்தை இரண்டு முறைக்கு மேல் தொடக்கூடாது. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்திருக்க வேண்டும். யாருக்குத் தட்டுகிறாயோ அவர் பெயரைச் சொல்லித்தான் தட்ட வேண்டும். பெயர் சொல்லாத பந்து செல்லாது. "பந்தை வச்சிக்கினு பஜனை பண்ணச் சொல்றீங்களே கோச்" என்று தௌஃபீக் மாதக்கணக்கில் புலம்பினான். ஜெனோவா நடுவில் நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் முக்கோணமாக நிற்பார்கள். அவளுடைய கண் ஓடும், கால் ஓடாது.

ஆட்டத்தன்று அது அப்படியே பலித்தது. எஸ்தர், பவித்ரன், ஜெனோவா, தௌஃபீக் என்று பெயர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தன, பந்தும் கூடவே வந்தது. ஒரு கோலும் போட்டோம். எண்ணூர்ப் பிள்ளைகள் பந்தைப் பிடிக்க ஓடி ஓடி ஒவ்வொருவராகச் சிவந்தார்கள். ஒலிபெருக்கி நான்கு பெயர்களைக் கூப்பிட்டது. எனக்கு வாயெல்லாம் பல்.

ஐந்தாவதாக ஒரு பையன் தள்ளாடிக்கொண்டே போனபோதுதான் எனக்கு உறைத்தது. பந்து எங்களிடம் இருக்கிறது என்றால் வெயில் அவர்களிடம் இருக்கிறது. இத்தனை நாள் இதை நான் யோசிக்கவே இல்லை.

அவர்களுடைய கேப்டன் கபிலன் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தான். எல்லாரையும்விட அதிகமாக ஓடியவன் அவன்தான், ஆனாலும் காப்பு பச்சையாகவே இருந்தது. ஜெனோவாவின் காலடியில் பந்து இருந்தபோது நேராக அவளை நோக்கி வந்தான். அவள் தட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. வெயில் தாக்கினால் வேர்ப்பது நின்றுவிடும், ஒருமுறை வெயிலில் விழுந்தவளுக்குத்தான் அது தெரியும்.

பந்தை வெளியே தட்டிவிட்டு அவன் கையைப் பிடித்தாள். காப்பைத் தூக்கினால் அடியில் ஒரு ஐஸ் பட்டை. பிள்ளைகள் இதற்குப் பொய்ப்பச்சை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தோலைக் குளிர வைத்தால் காப்பு ஏமாந்துவிடும், உடம்பு ஏமாறாது. கபிலன் அப்படியே மடிந்து விழுந்தான்.

நான் ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐம்பது வயது தாண்டிய உடம்பு, கையில் மூட்டை வேறு. கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் என் காப்பு சிவந்து, ஒலிபெருக்கி என் பெயரை ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டது.

"ஓடாதீங்க கோச்" என்று நடுவிலிருந்து ஜெனோவா கத்தினாள். "பாஸ் பண்ணுங்க."

மூட்டையை எஸ்தரிடம் வீசினேன். அவள் "தௌஃபீக்" என்றாள், அவன் "பவித்ரன்" என்றான், அவன் "ஜெனோவா" என்றான். நான் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் மூட்டை கபிலனின் கழுத்தில் இருந்தது. தண்ணீர் கேனும் அதே வழியில் போனது. இந்த முறை நடுவில் எண்ணூர்ப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள், அவர்கள் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "உன் பேரு இன்னா?" என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

கபிலனைத் தூக்கிக்கொண்டு வந்து குளிரறையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் ஊசி போட்டார். பக்கத்து பெஞ்சில் சிவப்புக் காப்போடு நான், எதிரில் முன்பே சிவந்த எண்ணூர்ப் பிள்ளைகள் ஐந்து பேர்.

"யாரு ஜெயிச்சா?" என்றான் கண்ணைத் திறந்ததும்.

"இன்னும் ஆடறாங்க. கம்முனு படு. காப்புக்கு ஐஸ் வைக்கிற மூஞ்சியப் பாரு."

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. வெளியே நடப்பது காதில்தான் விழும். நான் கடைசியாகப் பார்த்தபோது ஜெனோவாவின் காப்பு மஞ்சளில் இருந்தது. அவள் பெயர் எந்தக் குரலில் வரப்போகிறது என்று காதைக் கதவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கூப்பிட்டால் அவள் ஆடுகிறாள். ஒலிபெருக்கி கூப்பிட்டால் முடிந்தது. எஸ்தரின் குரலில் ஒருமுறை "ஜெனோவா" வந்தது. பிறகு பவித்ரன் குரலில். அப்புறம் எனக்குத் தெரியாத பெயர்கள் கேட்டன.

கபிலன் தலையைத் தூக்கினான். "எங்க பசங்களும் பேர் சொல்லி ஆடறாங்க கோச்."

ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்டம் முடிந்தது என்று அது சொன்னது, வேறொன்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஜெனோவா வந்தாள். நான் கேட்காமலே கையை நீட்டினாள். மஞ்சள். தொட்டுப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை.

"இப்ப உங்க கையக் காட்டுங்க கோச்" என்றாள்.

நீட்டினேன். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள், காலையில் நான் பார்ப்பது போலவே.

"நாளைக்கு நீங்க நெழல்ல உக்காருங்க" என்றாள்.