நிறுத்தும் சத்தம்

காலை பதினோரு மணி வெயில் நடு ஹால்வரை வந்து படுத்திருந்தபோது, இரண்டு கையிலும் ஸ்பீக்கர் பெட்டிகளோடு மகள் வந்து சேர்ந்தாள்.

"யாரது?" என்றது எதிர்வீட்டு மைனா, கூண்டுக்குள்ளிருந்து.

"ம்ம்? உன் வீட்டுக்கா வந்தேன்? போய் வேலையைப் பாரு."

கதவைத் திறந்த நர்ஸம்மா சிரித்தாள். "அது இப்ப குக்கர் விசில் அடிக்கக் கத்துக்கிச்சு. நேத்து ரெண்டு தடவை அடுப்பை அணைக்க ஓடினேன்னா பாத்துக்கோங்க."

ஜன்னலோரக் கட்டிலில் அப்பா. பக்கவாதம் வந்து இரண்டு வருடம். பேச்சு போய்விட்டது, அசைவது இடது கை மட்டும்தான். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். கட்டிலுக்கடியில் கிழட்டு நாய் பன்னு, வழக்கம்போல் குறட்டை.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். கண்ணை மூடுங்க."

அவர் மூடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்தார்.

அந்தக் காலத்தில் அவர் சினிமாவுக்கு மிருகம் பழக்கியவர். ஊரிலுள்ள நாய், பூனை, பறவை எல்லாம் ஒருநாள் மனிதர்கள்மேல் திரும்புகிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஐம்பது வருடப் பழசு. அதன் ஒலியைச் சுத்தம் செய்கிற வேலை மகள் வேலை பார்க்கிற ஸ்டுடியோவுக்கு வந்தபோது, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"படத்துல ஐயா வர்றாரா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"எங்க வர்றது? கேமராவுக்குப் பின்னாடி நின்னு நாக்கால ஒரு சத்தம் போடுவார். உடனே அத்தனையும் பாயும். அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு மேல மியூசிக்கைப் போட்டு மூடிட்டாங்க. மூணு வாரமா உக்காந்து மியூசிக்கைச் சுரண்டி எடுத்தேன்."

"எதுக்கும்மா இந்தப் பாடு?"

மகள் ஒயரைச் சொருகினாள். குரலைத் தணித்துச் சொன்னாள்.

"சத்தத்துக்கு அப்புறம் ஏதோ பேசறார். ஒரு எழுத்துகூடப் புரியல, அலறல்ல முழுகிக் கிடக்கு. அதை எடுத்துட்டா போதும் எனக்கு. இவர் என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

நர்ஸம்மா பேச்சை மாற்றினாள். "அது சரி, பாய்ஞ்சதை எப்படி நிறுத்துவார்?"

"அதுக்கு வேற சத்தம். படத்துல கிடையாது. கடைசில ஊர்ல ஒரு ஆள் மிச்சமில்ல, யாருக்காக நிறுத்தணும்?" மகள் சிரித்தாள். "அது இவர் நாக்குல மட்டும்தான் இருக்கு."

கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு.

"வேண்டாம்கறார்மா."

"வெக்கம். ஒரே ஒரு தடவைப்பா."

இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு. விரல் முட்டி சிவந்துவிட்டது.

அவள் பட்டனை அழுத்தினாள்.

டொக். டொக்... டொக்.

ஈரநாக்கு அண்ணத்தைவிட்டுப் பிரிகிற சத்தம். காதுக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல் இருந்தது.

"இவ்வளவுதானா? எனக்குச் சரியாவே கேக்கல" என்றாள் நர்ஸம்மா.

மகள் ஒலியைக் கூட்டி இன்னொரு முறை போட்டாள்.

குறட்டை நின்றது.

பன்னு வெளியே வந்தது. படம் வந்து நாற்பது வருடம் கழித்துப் பிறந்த நாய் அது. யாரும் எதையும் பழக்கியதில்லை. 'உக்காரு' என்றால் கொட்டாவி விடும். எப்போதும் நொண்டுவது, இப்போது நொண்டாமல் நடந்து, ஒரே தாவலில் கட்டிலேறி, அப்பாவின் மார்பின்மேல் நின்றது.

குரைக்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பன்னு... இறங்குடா."

"அம்மா," என்றாள் நர்ஸம்மா, உதடு அசையாமல். "வெளிய பாருங்க."

காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் பூனைகள். பூனைகளுக்குக் கீழே தெருநாய்கள், தோளோடு தோள் ஒட்டி. மின்கம்பி கனத்துத் தொய்கிற அளவுக்குக் காக்கைகள். ஒன்றுகூட இன்னொன்றைச் சீண்டவில்லை. எல்லாம் ஜன்னலுக்குள்தான் பார்த்தன. ஈர ரோமத்தின் வாடை அறைக்குள் வந்தது. மழை பெய்து மாதமாகிறது.

மகள் ஒயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரின் பச்சை விளக்கு அணைந்தது.

ஒன்றும் நகரவில்லை.

அவள் கட்டிலை நோக்கி ஓரடி வைத்தாள். பன்னு பல்லைக் காட்டியது. இன்னும் ஓரடி வைக்கப்போனவளின் கையை நர்ஸம்மா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்று கெஞ்சினாள் மகள். "அந்த இன்னொரு சத்தம். நிறுத்தற சத்தம். போடுங்கப்பா. உங்களால முடியும்."

அப்பாவுக்குப் புரிந்தது. வாயின் ஒரு பக்கம் கோணிக்கொண்டு திறந்தது. நாக்கு மெல்ல எழுந்தது. அண்ணத்தைத் தொட்டது.

பன்னுவின் ஒரு காது அசைந்தது.

"அதேதான்... அதேதான்பா..."

நாக்கு வழுக்கி விழுந்தது. சத்தம் வரவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்து தலையணையை நனைத்தது.

மறுபடி எழுப்பினார். மறுபடி விழுந்தது. அவர் கண்ணோரம் நீர் இறங்கியது. மகள் தன் நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாள். எத்தனை தட்டு, எவ்வளவு இடைவெளி? அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தெருவில் காற்றுகூட இல்லை.

டொக். டொக்... டொக்.

மகள் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரை. விளக்கு எரியவில்லை.

எதிர்வீட்டுக் கூண்டுக்குள் மைனா தலையைச் சாய்த்து நின்றது.

பன்னு குனிந்தது.

கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. இரண்டாவது தட்டு வரவில்லை.

அப்போதுதான் கூண்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. அவள் இன்னும் தோண்டி எடுக்காத குரல். அப்பாவின் வாலிபக் குரல், செல்லம் கொஞ்சுகிற மாதிரி, வாய் நிறைய.

"கண்ணு... விடாத."