வரையப்படாத பெண்

திங்கட்கிழமை எடுத்த படத்தில் ஓவியத்திலிருந்த அந்தப் பெண் வலது காலில் பாரம் போட்டு நின்றிருந்தாள். புதன்கிழமை எடுத்ததில் இடது காலில்.

ஹம்சா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், அவளுக்கும் தூக்கமில்லை. ஃபைல்களை மாற்றிப் போட்டிருப்போம் என்று நினைத்தாள். ரிச்சர்ட்சன் நகரில் பழைய ஓவியங்களைப் பரிசோதிக்கும் அந்த லேபில் ஜன்னல் கிடையாது. மாலை நாலு மணிக்கும் நடுநிசிக்கும் வித்தியாசம் தெரியாது. ஏசியின் முனகலுக்கு அடியில் ஆளிவிதை எண்ணெயின் காறல் வாடை, ஐந்நூறு வருஷமாகியும் காயாததுபோல, மரப்பலகையில் தீட்டிய அந்த ஓவியத்திலிருந்து கசிந்துகொண்டே இருந்தது.

எல்லோரும் மறந்துவிட்ட லோரென்ஸ் ஹாக் என்ற ஜெர்மன் ஓவியனின் பெயர் போன வருஷம்தான் ஒரு பழைய சர்ச் ஏட்டில் அகப்பட்டது. அவன் வரைந்ததில் மிஞ்சியது இந்த ஒரே பலகை: வெறும் அறை, ஒரு முக்காலி, அதன் பக்கத்தில் துணியில்லாமல் நிற்கும் பெண். அசல்தான் என்று ஹம்சா நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கத்து மேஜை குத்புதீன் பையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்ஃப்ராரெட் ஸ்கேன் முடிஞ்சுதா? பெயின்ட்டுக்கு அடியில அவன் போட்ட கரிக்கோடு தெரியுதா?"

"முக்காலிக்கு இருக்கு. சுவருக்கு இருக்கு." ஹம்சா திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "அவளுக்கு மட்டும் இல்ல, குத்புதீன். அவ நிக்கிற இடத்துலயும் சுவரைத்தான் போட்டிருக்கான்."

"அப்போ பின்னாடி யாரோ ஆட் பண்ணிருக்காங்க. நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க, ஹம்சா. வீட்டுக்குக் கிளம்புங்க."

"இன்னும் ஒரே ஒரு ஷாட்."

கதவு சாத்திக்கொண்டது. அவர் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஹம்சா கேமராவின் பட்டனை அமுக்கிவிட்டு, நாற்காலியில் சரிந்து, கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம்தான்.

ஏசி நின்றது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நாள் முழுக்க நின்று கால் கடுத்தவள் விடுகிற மூச்சு.

கண்ணைத் திறந்தாள். திரையில் புதுப் படம். முக்காலி. சுவர். வேறு யாருமில்லை.

பலகையை ஏறிட்டுப் பார்த்தாள். அதிலும் இல்லை.

குத்புதீனின் நாற்காலி கிறீச்சிட்டது. மெல்ல உருண்டு அருகில் வந்தது. ஹம்சா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

முழங்கையில் ஜில்லென்று வெறும் தோல் உரசியது.

பிறகு ஒரு தலை, தயக்கமே இல்லாமல், அவள் தோளில் சாய்ந்தது. கூந்தல் கழுத்தில் ஈரமாக ஒட்டியது. தலை கனத்தது. இன்னும் கனத்தது. ஆழ்ந்து தூங்கிப்போகிறவர்களின் தலை கனப்பதைப்போல.